சந்தனம் பட்ட புரோகிராம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எங்கள் மிளகுக் கம்பெனியின் மாடியில் ஒரு ஏ.சி. அறை இருந்தது. ஏ.சி. மனுஷர்களுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். தூசி வரக்கூடாது என்றுதான் அந்த விதி. ஆனால் கீழே கிடங்கில் மூட்டை தூக்கும் சேட்டன்மார் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று கைகூப்பித் தொழுதுவிட்டுப் போவார்கள். எங்கள் மானேஜர் மட்டும் தினமும் உள்ளே வந்து, தன் மோர்ச் செம்பைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். மத்தியானம் வரைக்கும் புளிக்காதாம்.

எண்பதுகளின் நடுவில் அந்த அறையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக மட்டாஞ்சேரிதான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எனக்குக் கோபம் அடிக்கடி வரும். எர்ணாகுளத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அந்த மிதப்பையெல்லாம் மிளகு பார்த்துக்கொண்டது. கிடங்கு வழியாக ஏறித்தான் மாடிக்குப் போகணும் என்பதால் நாள் முழுக்கத் தும்மல். கைப்பையை உதறினால் மிளகு, புடவையை உதறினால் மிளகு, தயிர்சாதத்தில்கூட ஒரு மிளகு கிடக்கும்.

வேலை டெம்பரவரி. அதுதான் என் தலைவலி. கோயம்புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பம்புசெட் ஏஜென்சி வைத்திருக்கும் பையன். அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அல்லவா குறை சொல்ல! அவனுடைய அம்மாதான் பேசினாள். "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் போய்விட்டால் அந்த ஏ.சி. அறையில் மோர்ச் செம்பு மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். தட்டினால் தட்டினபடி கேட்கும் ஒரு பொருள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருந்தது.

அப்பா வில்லிங்டன் தீவில் தேயிலைக் கிடங்கில் வேலை பார்த்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "எப்ப வேணா போகச் சொல்ற வேலைய நம்பி நல்ல இடத்த எப்படிம்மா விடுறது? பூஜை எடுக்கிற அன்னைக்குள்ள, நிரந்தரம்னு காகிதம் கொண்டா. நான் வாயைத் திறக்கல. இல்லைன்னா அவங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன்" என்றார். பூஜை எடுப்பது என்றால் விஜயதசமி. அவர் அந்த நாளைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கம்பெனியில் பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் புது கம்ப்யூட்டரை அன்றைக்குத்தான் தொடங்குவதாக இருந்தார்கள். முதலாளி சேட்டு பம்பாயிலிருந்து வருகிறார். புதிதிலிருந்து போகிற முதல் பட்டியல் பம்பாயில் ஒத்துப்போனால் எனக்கு அன்றைக்கே காகிதம் என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

இதற்கெல்லாம் சாட்சியாக எங்கள் அடுக்களை அலமாரியில் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படம் உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அதில் முறுக்கு கொண்டுவந்திருந்தார்கள். முறுக்கை நான் ஒரே வாரத்தில் காலி பண்ணிவிட்டேன். மாப்பிள்ளை வேறு, முறுக்கு வேறு. சரியோ வேண்டாமோ, முடிவு தெரிந்ததும் அப்பா அந்தச் சம்படத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

இனி அந்தப் பட்டியல் விஷயம். கப்பலேறும் சரக்கு விவரம் எல்லாம் தினமும் டெலக்ஸில் பம்பாய் ஆபீஸுக்குப் போகும். மழை பெய்தால் டெலக்ஸ் லைன் உளற ஆரம்பித்துவிடும். மூன்று என்று அடித்தால் எட்டு என்று போய்ச் சேரும். அதனால் பட்டியலின் கடைசியில் ஒரு எண் சேர்த்து அனுப்புவார்கள். செக் நம்பர் என்போம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதை அந்த எழுத்து நிற்கும் இடத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, தொண்ணூற்றேழால் வகுத்தால் வரும் மீதி. பம்பாயில் வந்து சேர்ந்த பட்டியலுக்கு அவர்களும் அதே கணக்கைப் போடுவார்கள். இரண்டும் ஒத்தால் வழியில் எதுவும் உளறவில்லை என்று அர்த்தம். ஒக்கவில்லையா, பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இந்தக் கணக்கைப் போடும் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் இருந்தது. புதிதில் சி மொழி. அதை இதற்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. முன்னால் எழுதினவர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அவர் அச்சடித்து வைத்த புரோகிராம் தாளை மானேஜர் தன் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். கேட்டால் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தார், தாளைக் கொடுக்கவில்லை.

போட்டோஸ்டாட்டின் தலையில் கன்னங்கரேலென்று ஒரு அப்பல். என்னவென்று பார்த்தால், முந்தின வருஷ சரஸ்வதி பூஜையில் அந்தத் தாளையும் கணக்குப் புத்தகங்களோடு பூஜையில் வைத்து, தலைப்பின் மேலேயே சந்தனத்தை அள்ளி அப்பி, மேலே குங்குமமும் வைத்திருக்கிறார்கள். மெஷினுக்குச் சந்தனம் தெரியுமா, குங்குமம் தெரியுமா? எல்லாவற்றையும் கறுப்பாக்கிக் கொடுத்துவிட்டது. முதல் இரண்டு வரி அதற்குள் போய்விட்டது. போகட்டும், அங்கே என்ன இருந்துவிடப் போகிறது? முதல் வரி தலைப்பு. இரண்டாவது வரி, கூட்டலைத் தொடங்க வைக்கிற பூஜ்யம். உலகத்தில் எவனும் கூட்டலைப் பூஜ்யத்தில்தானே தொடங்குவான்? நானும் பூஜ்யம் போட்டு, மீதியை வரி வரியாக சி மொழிக்கு மாற்றினேன். மாற்றினபோது பாட்டுக்கூடப் பாடினேன்.

துர்க்காஷ்டமி அன்று மத்தியானம் வேலை முடிந்தது. ஃபைலில் இருந்த பழைய டெலக்ஸ் நகல் ஒன்றை எடுத்துப் புதிதில் போட்டுப் பார்த்தேன். பழைய செக் நம்பரைவிட ஒன்று குறைவாக வந்தது. தப்பாக அடித்திருப்பேன் என்று திரும்ப அடித்தேன். ஒன்று குறைவு. வேறு நகல். ஒன்று குறைவு. இன்னொரு நகலில் பழைய எண் பூஜ்யம், என்னுடையது தொண்ணூற்றாறு. அய்யோ இது வேற புதுசா என்று தலையில் கைவைத்தேன். அப்புறம் யோசித்தால், தொண்ணூற்றாறுக்கு மேல் மீதி ஏது, திரும்பப் பூஜ்யம்தானே. அங்கேயும் அதே ஒன்றுதான் குறைகிறது.

பழைய கம்ப்யூட்டரைப் போட்டு அந்த இரண்டு வரியைப் பார்த்துவிடலாம் என்று எழுந்து திரும்பினால், அதன் கழுத்தில் சாமந்தி மாலை. திரைக்கு விபூதிப் பட்டை, கீபோர்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குங்குமப் பொட்டு. முன்னால் வாழையிலை, அவல், பழம். பீரோவிலிருந்து வெளியே வந்திருந்த அந்தப் புரோகிராம் தாள், கணக்குப் புத்தக அடுக்குக்கு அடியில் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மானேஜர் என் முதுகுக்குப் பின்னால் பூஜை வைத்து முடித்துவிட்டார்.

மானேஜர் பாலக்காட்டுத் தமிழர். கிடங்கில் எல்லோரும் சாமி என்று கூப்பிடுவார்கள். மிளகைக் கையில் உருட்டிப் பார்த்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுவேன் என்பார். சரியா தப்பா என்று எங்களில் யாருக்கும் தெரியாததால் அவர் சொன்னதே சரி.

"சார், அதைக் கொஞ்சம் ஆன் பண்ணணும்."

"பூஜை வெச்சாச்சு, கொழந்தே."

"ஒரே ஒரு வரி பார்த்துட்டு மாலையைத் திரும்பப் போட்டுடறேன் சார். சரி, அந்தத் தாளையாவது..."

"சரஸ்வதியை எழுந்திருக்கச் சொல்லிட்டு, மறுபடி ஒக்காருன்னு சொல்லுவியா? நாளன்னிக்குக் காலம்பற எடுப்போம். அப்போ ஆற அமரப் பாரு."

"நாளன்னிக்குக் காலையிலதான் சார் பட்டியல் பம்பாய்க்குப் போகணும்!"

"அதுக்கு முகூர்த்தம் எட்டரைக்காக்கும். எட்டுக்கு எடுத்துடுவேன். அரை மணி போறாதா?"

நான் பல்லைக் கடித்தேன். பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டுக் கேட்கலாம் என்றால், அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவர் சேட்டோடு ரயிலில் வந்துகொண்டிருந்தார். மஸ்கட்டுக்குப் போனவரை எங்கே என்று தேடுவது? சரி, புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே தேடிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் மனுஷர் முகத்தைச் சுளித்தார். பூஜை வைத்துவிட்டால் எடுக்கிற வரைக்கும் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது. கேரளத்தில் இதில் யாரும் விளையாட மாட்டார்கள். பரீட்சைக்கு முந்தின நாளானாலும் புத்தகத்தைத் தொடாமல் குழந்தைகள் ஆனந்தமாகத் திரிவார்கள்.

"எழுதலை சார், தட்டத்தான் போறேன்."

அவர் யோசித்தார். "தட்டறது எழுத்தில்லை. சம்மதிச்சேன். ஆனா திரையில வரதைப் படிப்பியே?"

"பின்னே கண்ணை மூடிண்டா தட்ட முடியும்?"

என்னை அறியாமல் அவர் பாஷையே என் வாயில் வந்துவிட்டது. அதில் குளிர்ந்தாரோ என்னவோ, புது கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "இதுக்கு இன்னும் பொட்டே வெக்கலை. பொட்டு வெக்காத வரைக்கும் இது ஆயுதமே இல்லை, வெறும் டி.வி.யாக்கும். டி.வி. பார்க்கறது தோஷமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த நாள் நவமி. கம்பெனிக்கு லீவு. நான் மட்டும் மாடியில் உட்கார்ந்து, பூஜை வைத்த ஊதுவத்திப் புகையில் இருமிக்கொண்டு, டி.வி. பார்த்தேன்.

ஒன்று குறைகிறது என்றால் புரோகிராம் எழுதுகிற எவரும் முதலில் சந்தேகப்படுவது எண்ணுகிற முறையைத்தான். மஸ்கட்டுக்குப் போனவர் எழுதின பேசிக், வரிசையை ஒன்றிலிருந்து எண்ணும். சி பூஜ்யத்திலிருந்து எண்ணும். பாஷை மாற்றும்போது அங்கேதான் கால் இடறும் என்று படிக்கும்போதே காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுத்து நிற்கும் இடத்தை ஒன்று தள்ளிப் பார்த்தேன். விடை தாறுமாறாகப் போனது. கடைசி எழுத்து விட்டுப்போகிறதோ என்று பார்த்தேன். போகவில்லை. வகுத்தலை மாற்றி, பெருக்கலை மாற்றி, எதை மாற்றினாலும் ஊர் சிரிக்கிற விடை. திரும்ப முதலில் எழுதினபடி போட்டால் அதே ஒன்று குறைவு. எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது. சரஸ்வதிக்கு வைத்திருந்த அவலைப் பார்த்தேன். சே, அதெல்லாம் செய்யவில்லை.

சாயங்கால தீபாராதனைக்கு ஏற்பாடு பண்ண மானேஜர் வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானே குறையறது? ஒண்ணு கூட்டிடேன்" என்றார்.

"எதுக்குன்னு தெரியாம எப்படி சார் கூட்டுறது? பம்பாய்க்காரர் வரி வரியாப் பார்ப்பாராமே. இந்த ஒண்ணு எதுக்குன்னு கேட்டா, தெரியலை சார், போட்டாத்தான் வந்ததுன்னு சொல்லட்டுமா? நாளைக்கு வேற நீளத்தில ஒரு பட்டியல் வந்து அதுக்கு ரெண்டு குறைஞ்சா?"

"அப்போ கூட்டாதே" என்று சொல்லிவிட்டு விளக்குக்குத் திரி போட உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷரை என்ன செய்வது?

வீட்டுக்கு நடந்தேன். யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் இஞ்சி காய்கிற வாசனை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அதுவும் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் பம்புசெட் சத்தத்துக்கு நடுவில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என்னை அடுக்களைக்குள் அனுப்புவதாகக் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுக்களையில் அம்மா அந்தச் சம்படத்தைக் கீழே இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. அவளுக்கும் மனசு சரியில்லை, அதனால் தேய்த்தாள். ஒரு மூலையில் கடலை மாவும் சர்க்கரையும் தயாராக இருந்தன.

"நாளைக்குச் சரின்னு ஆச்சுன்னா லட்டு பிடிச்சு இதை நிறைச்சு அனுப்பணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம்னு ஆச்சுன்னா காலியாக் கொடுத்துட்டு வரட்டும், அவ்வளவுதானே" என்றேன் வெடுக்கென்று.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். "வாயைக் கழுவுடி! வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா? வேண்டாம்னு சொன்னாலும் ஒரு அச்சு வெல்லமாவது போட்டுத்தான் கொடுக்கணும். எந்தக் காரியமும் வெறுமையில தொடங்கவும் கூடாது, முடியவும் கூடாது. புது டப்பா வாங்கினாக்கூட நாலு அரிசி போட்டுட்டுத்தான்டி நான் அலமாரில வைக்கிறேன். இருபத்திமூணு வயசாச்சு, இதெல்லாம் கண்ல படலையா உனக்கு?"

பட்டது. அப்போதுதான் பட்டது. வெறும் டப்பாவில் நாலு அரிசி போடுகிற ஊரில், வெறும் கணக்கில் ஒன்றும் போடாமலா தொடங்கியிருப்பார்கள்? அந்தச் சந்தனத்துக்கு அடியில் இருந்தது பூஜ்யம் என்று எனக்கு யார் சொன்னது? நானேதான் சொல்லிக்கொண்டேன்.

"எங்கடி ஓடறே, விளக்கு வைக்கிற நேரத்தில?" என்று அம்மா கத்தினது தெருமுனை வரைக்கும் கேட்டது.

கம்பெனி மாடியில் மானேஜர் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"சார், பழைய புரோகிராம் எழுதினபோது, கூட்டலைப் பூஜ்யத்தில தொடங்க விட்டீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூஜ்யத்துல தொடங்கறதா? எனக்கென்ன பைத்தியமா? அந்தப் பையன் அப்படித்தான் வெச்சிருந்தான். சேட்டோட கணக்கு, காலியா ஆரம்பிச்சா வெளங்குமா, ஒரு ஒண்ணு வெச்சுண்டு தொடங்குடான்னு நாந்தான் சொல்லி மாத்த வெச்சேன். பம்பாய் மெஷின்லயும் அதேதானே ஓடறது."

"அய்யோ சார்! ரெண்டு நாளா ஒண்ணு குறையுது ஒண்ணு குறையுதுன்னு உங்க கண்ணு முன்னாடி செத்துக்கிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ ஒண்ணு குறையறதுன்னே. வெறுமனே தொடங்கிட்டேன்னு சொன்னியோ? அதெல்லாம் நல்ல வீட்டுக் கொழந்தைக்குச் சொல்லித் தரணுமா? உங்காத்துல பாத்திரத்தை வெறுமனேயா திருப்பிக் கொடுப்பேள்?"

கையில் கற்பூரத் தட்டு இருந்ததால் அவர் தப்பித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு மோர்ச் செம்பை எடுத்து ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. உட்கார்ந்து அந்தப் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன். ஃபைலில் இருந்த நகல்களை வரிசையாகப் போட்டேன். எல்லாம் ஒத்தது. அந்தப் பூஜ்யத்துக்குத் தொண்ணூற்றாறு வந்த பட்டியல்கூடச் சமர்த்தாகப் பூஜ்யம் கொடுத்தது. மானேஜர் எனக்குக் கற்பூரத்தைக் காட்டினார், நான் ஒற்றிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

விஜயதசமி காலையில் சேட்டு வந்தார். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த குஜராத்திக்காரர், மலையாளம் எங்களைவிட நன்றாகப் பேசுவார். கூடவே டை கட்டின பம்பாய்க்காரர். பூஜை எடுத்து, எல்லோரும் தட்டில் பரப்பின அரிசியில் விரலால் எழுதினோம். பம்பாய்க்காரர் எழுதவில்லை. அவர் நேராக வந்து என் புரோகிராமைத் திரையில் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு வரியாகப் பேனா முனையால் காட்டிக் காட்டிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். பேனா அந்த ஒன்றின் மேல் நின்றது.

"இது தப்பு. கூட்டல் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்" என்றார் இங்கிலீஷில்.

"உங்க மெஷின்லயும் ஒண்ணுதான் இருக்கு சார்."

"அப்படியென்றால் அங்கேயும் தப்பு. நான் திரும்பிப் போய் அங்கே சரி பண்ணுகிறேன், அதற்கப்புறம் இங்கே தொடங்கலாம். எல்லாம் ஒரு மாசம் தள்ளட்டும்."

ஒரு மாசம்! அப்பா சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், இவர் ஒரு மாசம் என்கிறார். என் குரல் உயர்ந்துவிட்டது. வெல்லத்தையும் சம்படத்தையும் நாலு அரிசியையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படபடவென்று சொன்னேன். அந்த மனுஷருக்கு ஒரு எழவும் புரியவில்லை. சம்படம் என்றால் எந்தக் கம்பெனி மெஷின் என்று கேட்டார்.

சேட்டுக்குப் புரிந்தது. சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "எது அந்த ஒண்ணு?" என்று மலையாளத்தில் கேட்டார். காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பம்பாய்க்காரர் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா என் வியாபாரம் நல்லா ஓடிக்கிட்டிருக்கு. அதுல கை வச்சே, பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான், டை கட்டினவர் பேனாவை மூடிவிட்டார்.

எட்டரைக்குப் பட்டியல் போனது. பம்பாயிலிருந்து பதில் வரும் வரைக்கும் நான் டெலக்ஸ் மெஷினையே முறைத்துக்கொண்டு நின்றேன். தும்மல்கூட வரவில்லை. அது டகடகவென்று ஒரு வரி அடித்தது. செக் நம்பர் ஒத்தது.

காகிதத்தில் சேட்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மானேஜர் புதிதாக அச்சடித்த என் புரோகிராம் தாளைத் தட்டில் வைத்து, கை நிறையச் சந்தனத்தோடு தலைப்பை நோக்கி வந்தார். "சார்! அங்கே வேண்டாம், கீழே, கீழே!" என்று பாய்ந்து தாளை இழுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் எழுதின எந்தப் புரோகிராமை அச்சடித்தாலும் மேலே நாலு வரி காலியாக விட்டுத்தான் அச்சடிப்பேன். அது சந்தனத்துக்கான இடம். பல வருஷம் கழித்து, பெரிய பெரிய ஆட்கள் எழுதின சரிபார்க்கும் கணக்குகளில்கூடக் காலியில் தொடங்காமல் ஒன்றை வைத்துத் தொடங்குவது உண்டு என்று படித்தேன். மானேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரைப் பிடிக்க முடியாது.

வீட்டில் அப்பா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சட்டையைப் போட்டுக்கொண்டு, "அவங்க சம்படத்தைக் கொடு" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று தபாலில் எழுதுவது மரியாதை இல்லை, நேரில் போய்த்தான் சொல்லணும் என்பது அவர் கட்சி. அம்மா ஒரே ஒரு அச்சு வெல்லத்தை உள்ளே போட்டு மூடிக் கொடுத்தாள்.

ரயிலேற எர்ணாகுளத்துக்குப் படகில்தான் போகணும், படகுத்துறைக்கு நானும் கூடப் போனேன். அவ்வளவு பெரிய சம்படத்துக்குள் அந்த ஒற்றை வெல்லம் அப்பா எட்டு வைக்கிறபோதெல்லாம் கடகடவென்று உருண்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். கோபமோ, வருத்தமோ, எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட் கவுண்டரில் இருந்த சேட்டன் அப்பாவுக்குப் பழக்கம். "எந்தா சேட்டா, பாத்திரத்தில் பெரிய சத்தம்?" என்று கேட்டார்.

அப்பா சம்படத்தைக் கவுண்டரில் வைத்தார். மூடியைத் திறந்தார். அந்த வெல்லத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, "மோளுக்கு ஜோலி ஸ்திரமாயி" என்றார். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சேட்டன் வெல்லத்தை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம்தான் நாங்கள் இருவரும் சம்படத்தைப் பார்த்தோம். காலி. படகு மணி அடித்துவிட்டது. அப்பா திருதிருவென்று விழித்தார். "அய்யய்யோ, உங்கம்மா கொன்னுடுவாளே" என்றார்.

நான் கைப்பையைத் திறந்து அடியில் துழாவினேன். எப்போதும் போல ஒரு மிளகு அகப்பட்டது. அதைச் சம்படத்துக்குள் போட்டேன்.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார். படகில் ஏறி உட்கார்ந்து, சம்படத்தை மடியில் வைத்து, காதுக்குப் பக்கத்தில் தூக்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"இருக்கா அப்பா?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"இருக்கும்மா" என்றார்.